பூட்டை உடைக்காதீர்கள்!



கணிப்பொறியில் ஒரு கோப்பைத் திறக்கப் போகிறீர்கள். "இந்தக் கோப்பை வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார், பூட்டப்பட்டுள்ளது" என்று திரையில் ஓர் அறிவிப்பு வருகிறது. அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? பொறுமையாகக் காத்திருப்பீர்களா? யார் திறந்து வைத்திருக்கிறார் என்று விசாரிப்பீர்களா? அல்லது, "இது என்ன தொல்லை!" என்று எப்படியாவது பூட்டை உடைத்து உள்ளே நுழைவீர்களா?

நான் உடைத்தேன். கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கிறவன், விதிகளைப் பற்றித் தினமும் பேசுகிறவன், அவசரத்தில் ஒரு பூட்டை உடைத்தேன். அதனால் ஒரு தெருவே காணாமல் போயிற்று. அந்தக் கதையை முதலில் சொல்லி, பிறகு என் கருத்தைச் சொல்கிறேன்.

காணாமல் போன தெரு

கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலோடு சேருகிறது. அந்த முகத்துவாரத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட மீனவர் குடியிருப்பு முகத்துவாரக்குப்பம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததும், வெள்ளநீரோடு கலந்து எண்ணெய் அந்தக் கழிமுகம் முழுவதும் பரவியதும் உங்களுக்கு நினைவிருக்கும். படகுகளும் வலைகளும் கறுத்துப் போயின. எண்ணெய் படிந்த வலையைக் கழுவி மீண்டும் பயன்படுத்துவது எளிதன்று.

அப்போது என் மாணவர்கள் சிலர் வீடு வீடாகச் சென்று, யாருடைய படகு, எத்தனை வலை, என்ன சேதம் என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டு வந்தார்கள். மனுவோடு இணைப்பதற்காக அதைப் பட்டியலாக்க வேண்டும். ஒரு சிறு படிப்பகத்தில் மூன்று கணிப்பொறிகள் இருந்தன. மூலையில் இருந்த ஒன்றில் பட்டியல் கோப்பு இருந்தது. மற்ற இரண்டும் கம்பி வழியாக அதே கோப்பைத் திறந்து எழுதும். பலருக்கும் பொதுவான கோப்பைத் தன்னிடம் வைத்துக் கொடுக்கும் கணிப்பொறிக்கு சர்வர் என்று பெயர். மூலையில் இருந்த அந்தப் பழைய பெட்டிதான் எங்கள் சர்வர்.

ஒரு மாலை, ஒரு மாணவி தன் பக்கத்தில் கோப்பைத் திறந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஒரு படகின் எண் சரியாகத் தெரியவில்லை என்று கேட்டு வர வெளியே போனாள். கோப்பு திறந்தபடியே இருந்தது. நான் அடுத்த கணிப்பொறியில் உட்கார்ந்தேன். பூட்டப்பட்டுள்ளது என்ற அறிவிப்பு வந்தது. "யாரோ மூடாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள்" என்று நானாக முடிவு செய்துகொண்டேன். பட்டியலுக்குப் பக்கத்திலேயே பூட்டுக்கு அடையாளமாக ஒரு சிறு கோப்பு இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதை அழித்தேன். பட்டியல் திறந்தது. நோட்டைப் பார்த்து ஒரு தெருவின் விவரம் முழுவதையும் சேர்த்துச் சேமித்துவிட்டு எழுந்தேன்.

மாணவி திரும்பி வந்தாள். படகின் எண்ணை எழுதிச் சேமித்தாள். ஏதோ ஓர் எச்சரிக்கை வந்ததாம். வழக்கமாக வருவதுதானே என்று "ஆம்" என்பதை அழுத்தினாளாம். அவள் திரையில் இருந்தது நான் சேர்ப்பதற்கு முந்தைய பிரதி. அது என் பிரதியின் மேல் எழுதப்பட்டது. நான் சேர்த்த தெரு போய்விட்டது.

மறுநாள் காலை பட்டியலை எல்லோர் முன்னிலும் படித்துக் காட்டினோம். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஓர் அம்மாள் கேட்டார்: "வாத்தியாரே, எங்க தெரு ஆளு ஒருத்தர் பேரையும் காணோமே?"

நோட்டு பத்திரமாக இருந்ததால் பிழைத்தோம். மீண்டும் தட்டச்சு செய்தோம். படித்துக் காட்டாமல் இருந்திருந்தால்? மனுவில் அந்தத் தெருவின் வலைகளுக்கு எந்தச் சேதமும் நேர்ந்திருக்காது! ஒரு பூட்டை மதிக்காததன் விலை அது. அந்த விலையைக் கொடுக்கவிருந்தவர்கள் பூட்டைப் பற்றியே அறியாதவர்கள்.

கரும்பலகையில் ஒரு சோதனை

இது எப்படி நடந்தது என்பதை உங்கள் வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். கரும்பலகையில் 40 என்று எழுதுங்கள். அது ஒரு வீட்டின் வலை எண்ணிக்கை என்று வைத்துக்கொள்வோம். முருகன் அதில் 5 கூட்ட வேண்டும். செல்வி 3 கூட்ட வேண்டும். இருவரும் பலகையைப் பார்த்துவிட்டு வகுப்பின் கடைசிக்குச் சென்று, தாளில் கணக்குப் போட்டு, திரும்பி வந்து பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுத வேண்டும்.

இருவரும் 40-ஐத்தான் பார்த்தார்கள். முருகன் வந்து 45 என்று எழுதுகிறான். செல்வி வந்து அதை அழித்து 43 என்று எழுதுகிறாள். சரியான விடை 48. இருவருமே கணக்கில் தவறவில்லை. ஆனாலும் பலகை பொய் சொல்கிறது! முருகனின் 5 எங்கே போயிற்று என்று பலகையைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இவ்வகைத் தவற்றில் மிகக் கொடியது இதுதான்: அது தடயமே விடுவதில்லை.

தவறு எங்கே பிறக்கிறது? படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே உள்ள இடைவெளியில். செம்புக் கம்பியில் மின் சைகை ஏறத்தாழ நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. நூறு மீட்டர் கம்பியைக் கடக்க அரை மைக்ரோ நொடி போதும். ஆனால் அந்த மாணவி கோப்பைப் படித்ததற்கும் சேமித்ததற்கும் நடுவே பல நிமிடங்கள் கழிந்தன. ஒரே ஒரு நிமிடம் என்று கொண்டாலும், அது கம்பியில் கழியும் நேரத்தைப் போலப் பன்னிரண்டு கோடி மடங்கு! எவ்வளவு வேகமான கம்பியைப் போட்டாலும் மனிதனின் இந்த இடைவெளி சுருங்காது. எனவே வேகம் இதற்கு மருந்தன்று, முறைதான் மருந்து.

இப்போது ஒரு விதி செய்வோம். வகுப்பில் ஒரே ஒரு சுண்ணக்கட்டி. அதைக் கையில் வைத்திருப்பவர் மட்டுமே பலகைக்கு வரலாம். முருகன் சுண்ணக்கட்டியோடு வந்து 40-ஐப் பார்த்து, கணக்கிட்டு, 45 என்று எழுதிய பிறகே அதைச் செல்வியிடம் கொடுக்கிறான். செல்வி 45-ஐப் பார்க்கிறாள். 48 என்று எழுதுகிறாள். சரியாயிற்று! ஒன்றை மட்டும் கவனியுங்கள். எழுதும்போது மட்டும் சுண்ணக்கட்டி வேண்டும், பார்க்கும்போது வேண்டாம் என்று விதியைத் தளர்த்தினால் பழைய தவறு மீண்டும் வந்துவிடும். படிப்பது முதல் எழுதி முடிப்பது வரை பூட்டு ஒருவரிடமே இருக்க வேண்டும். கணிப்பொறிக் கோப்பின் பூட்டு என்பது இந்தச் சுண்ணக்கட்டிதான்.

இரும்பு உருண்டையும் கைகாட்டியும்

பூட்டு கணிப்பொறிக்காரர்கள் கண்டுபிடித்த புதுமையன்று. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் வடசென்னையின் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டு வாலாஜா வரை சென்றது. ரயில் வந்த நாள் முதலே இந்தக் கேள்வியும் உடன் வந்தது: ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிராக இரண்டு வண்டிகள் நுழையாமல் எப்படித் தடுப்பது?

அதற்குக் கண்ட வழிகளில் ஒன்று, நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய இரும்பு உருண்டை முறை. அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் இரண்டு பெட்டிகள் இருக்கும். அவை மின்கம்பியால் இணைக்கப்பட்டவை. ஒரு பெட்டியிலிருந்து ஓர் உருண்டையை எடுத்துவிட்டால், அது இரண்டில் ஏதாவது ஒரு பெட்டிக்குத் திரும்பும் வரை வேறு உருண்டை எதுவும் வெளியே வராது. உருண்டை கையில் இல்லாத ஓட்டுநர் அந்தப் பாதையில் நுழையக் கூடாது.

1960-களில் நெதர்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா, ஒரே பொருளைப் பல நிரல்கள் பகிர்வதற்கு ஒரு முறை கண்டார். அதற்கு அவர் வைத்த பெயர் செமஃபோர். ரயில் பாதையில் நிற்கும் கைகாட்டி மரத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள அதே பெயர்தான் அது. 1976-இல் ஈஸ்வரன், ஜிம் கிரே, லோரி, டிரெய்கர் என்ற நால்வர் அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல பூட்டுகள் தேவைப்படும் வேலையில், வேண்டியவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டே போகலாம். ஆனால் ஒன்றை விடத் தொடங்கிய பிறகு புதிதாக ஒன்றையும் எடுக்கக் கூடாது என்ற விதி அதில் நிறுவப்பட்டது. இன்றும் தரவுத்தளப் பாடத்தில் அது முதல் விதிகளில் ஒன்று. ஜிம் கிரேக்கு 1998-ஆம் ஆண்டின் டூரிங் பரிசு கிடைத்தது.

இந்தப் பூட்டின் பயனை நீங்கள் அனுபவித்திருக்கிறீர்கள். நமது ரயில்வேயின் கணிப்பொறி முன்பதிவு 1980-களின் நடுவில் டில்லியில் தொடங்கியது. 1999-இல் டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்னும் ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று இணைந்தன. ஒரு வண்டியின் கடைசி இருக்கையைச் சென்னையில் ஒருவரும் டில்லியில் ஒருவரும் அதே கணத்தில் கேட்கலாம். ஒருவருக்குத்தான் கிடைக்க வேண்டும். பூட்டு இல்லையென்றால் இருவர் கையிலும் ஒரே இருக்கைக்குச் சீட்டு இருக்கும்!

இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பழவேற்காடு ஏரி மீனவர்களிடம் 'பாடு' என்ற முறை உண்டு. நல்ல மீன் கிடைக்கும் இடங்களில் யார், எந்த நாளில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருவர் முறையில் மற்றவர் வலையோடு போக மாட்டார். நீரின் மேல் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. முறை மட்டுமே இருக்கிறது. அது நடக்கிறது என்றால், எல்லோரும் அதை மதிக்கிறார்கள் என்பதே காரணம்.

பூட்டு சிக்கிக்கொண்டால்?

"அப்படியானால் திறக்கவே முடியாத பூட்டின் முன் காலமெல்லாம் காத்திருக்க வேண்டுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பூட்டு சிக்கிக்கொள்வது உண்டு. அதற்குக் காரணங்கள் சிலவே. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால் உடைக்க வேண்டிய தேவை வராது.

முதற் காரணம், பூட்டை வைத்திருப்பவர் உண்மையிலேயே வேலை செய்துகொண்டிருப்பது. அவர் யார் என்பதைக் கணிப்பொறியே சொல்லும். லிப்ரே ஆபீஸ் உண்டாக்கும் பூட்டுக் கோப்பில் திறந்தவரின் பெயரும் திறந்த நேரமும் இருக்கும். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் உண்டாக்கும் பூட்டுக் கோப்பில் எந்தக் கணிப்பொறி என்ற பெயர் இருக்கும். விண்டோஸ் சர்வரில் 'திறந்துள்ள கோப்புகள்' என்ற பட்டியல் உண்டு. லினக்ஸ் சர்வரில் பகிர்வுக்குப் பயன்படும் சாம்பா மென்பொருளிலும் இவ்வாறு பார்க்கக் கட்டளை உண்டு. ஆகவே முதல் வேலை, எழுந்து சென்று கேட்பது. நான் செய்யத் தவறியது இதைத்தான்.

இரண்டாவது, பூட்டியவர் இல்லாமலே பூட்டு மட்டும் இருப்பது. மின்சாரம் போய்விட்டது, கணிப்பொறி அணைந்துவிட்டது, பூட்டை விடுவிக்க அதற்கு நேரமில்லை. சுண்ணக்கட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன மாணவனைப் போல! இந்த ஒரு நிலையில்தான் பூட்டை அகற்றலாம். அதுவும் அந்தக் கணிப்பொறியில் எவரும் கோப்பைத் திறந்து வைத்திருக்கவில்லை என்று நேரில் உறுதி செய்து, ஒரு பிரதி எடுத்து வைத்த பிறகே. ரயில் பாதையில் உருண்டை முறை பழுதானால், இரு நிலைய அதிகாரிகளும் பேசி, பாதை காலியாக இருப்பதை உறுதி செய்து, எழுத்து மூலம் அனுமதி கொடுத்த பின்பே வண்டியை விடுவார்கள். நாமும் அப்படித்தான் நடக்க வேண்டும்.

மூன்றாவது, அனுமதிக் குறை. ஆக்சஸ் போன்றவற்றில் பூட்டுக் கோப்பை உண்டாக்கவும் அழிக்கவும் பயனாளருக்கு அந்தக் கோப்புறையில் உரிமை வேண்டும். பட்டியலை எழுத மட்டும் உரிமை கொடுத்து, கோப்புறையில் புதுக் கோப்பு உண்டாக்க உரிமை கொடுக்காவிட்டால், முதலில் திறந்தவர் மற்ற எல்லோரையும் வெளியே நிறுத்திவிடுவார். பலரும் "சர்வர் கெட்டுவிட்டது" என்று சொல்லுவது பெரும்பாலும் இதைத்தான்.

நான்காவது கொஞ்சம் நுட்பமானது. ஒருவர் மட்டுமே கோப்பைத் திறந்திருந்தால், "நீ உன் பக்கத்திலேயே பிரதி வைத்துக்கொண்டு வேலை செய், வேறு யாராவது வந்தால் கூப்பிடுகிறேன்" என்று சர்வர் அவருக்குச் சலுகை தருவதுண்டு. வேலை வேகமாக நடக்கும். ஆனால் கம்பி இணைப்பு தளர்ந்திருந்து, கூப்பிட்ட குரல் கேட்காமல் போனால்? தரவு சிதையலாம். எனவே பொதுக் கோப்பு அடிக்கடி சிதைந்தால், மென்பொருளைத் திட்டுவதற்கு முன் கம்பியையும் இணைப்பையும் பாருங்கள்.

ஐந்தாவது, முட்டுக்கட்டை. முருகன் கையில் சுண்ணக்கட்டி. அவனுக்கு அழிப்பான் வேண்டும். செல்வி கையில் அழிப்பான்; அவளுக்குச் சுண்ணக்கட்டி வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே மணி அடிக்கும் வரை நிற்பார்கள்! எல்லோரும் முதலில் சுண்ணக்கட்டி, பிறகே அழிப்பான் என்று ஒரே வரிசையில் எடுத்தால் இது நேராது. நல்ல தரவுத்தள நிரல்கள் இந்நிலையைத் தாமே கண்டறிந்து, ஒருவரைப் பின்வாங்கச் செய்து மற்றவரை முடிக்க விடுகின்றன.

பூட்டே வேண்டாம் என்பவர்களுக்கு

"இந்தக் காலத்தில் பூட்டு எதற்கு? இணையத்தில் ஒரே கட்டுரையை ஐந்து பேர் ஒரே நேரத்தில் எழுதுகிறோமே!" என்று உங்களில் சிலர் சொல்லலாம். உண்மைதான். ஒருவர் முதல் பத்தியையும் மற்றவர் கடைசிப் பத்தியையும் மாற்றினால் இரண்டையும் சேர்த்துவிடலாம். ஆனால் ஒரே இருக்கையை இருவர் கேட்டால் எதைச் சேர்ப்பது? பாதி இருக்கையைக் கொடுக்க முடியுமா? சேர்க்க முடிந்த இடத்தில் சேர்ப்போம். சேர்க்க முடியாத இடத்தில் வரிசைதான் வழி.

பூட்டு வேலையைத் தாமதப்படுத்துகிறது என்ற குறையில் நியாயம் உண்டு. அதற்குப் பரிகாரம் பூட்டைச் சிறிதாக்குவது. பட்டியல் முழுவதையும் பூட்டாமல் ஒரு வீட்டின் வரியை மட்டும் பூட்டலாம். பூட்டி வைத்திருக்கும் நேரத்தையும் குறைக்கலாம். பலர் எழுதும் பட்டியலைத் தனிக் கோப்பாக வைக்காமல், போஸ்ட்கிரஸ், மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தள நிரலிடம் ஒப்படைப்பது இன்னும் நல்லது. அப்போது கோப்பைத் தொடுவது ஒரே ஒரு நிரல்தான். மற்றவர்கள் அதனிடம் கேட்டுப் பெறுவார்கள். அந்தப் படிப்பகத்தில் நாங்கள் பின்னர் செய்தது அதுவே.

என் கருத்து

நம் பள்ளிகளில் கணிப்பொறிப் பாடம் இருக்கிறது. கோப்பு உண்டாக்கவும், படம் வரையவும், நிரல் எழுதவும் கற்கிறீர்கள். எல்லாம் ஒருவர், ஒரு கணிப்பொறி, ஒரு கோப்பு என்ற கணக்கில். ஆனால் நீங்கள் வேலைக்குப் போகும் வங்கியிலும், மருத்துவமனையிலும், துறைமுகத்திலும் உங்களுக்கென்று தனிக் கோப்பு அநேகமாக இராது. இருப்பது பொதுப் பதிவேடு. அதைப் பகிர்ந்து எழுதும் முறையை எட்டாம் வகுப்பிலேயே கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு ஒரு கரும்பலகை போதும், கணிப்பொறிகூட வேண்டாம்.

உங்களில் சிலர் நாளை மென்பொருள் எழுதுவீர்கள். "பூட்டப்பட்டுள்ளது" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். யார் பூட்டினார், எப்போது பூட்டினார், யாரைக் கேட்க வேண்டும் என்று தாய்மொழியில் சொல்லுங்கள். அந்த மாணவி அழுத்திய "ஆம்" என்பதற்கு அருகே, "அழுத்தினால் மற்றவர் எழுதியது அழிந்துவிடும்" என்று தெளிவாகத் தமிழில் இருந்திருந்தால் அவள் கை நின்றிருக்கும்.

மற்றவர்களுக்குச் சொல்ல மூன்றே உள்ளன. எழுந்து போகும்போது கோப்பை மூடுங்கள். எச்சரிக்கையைப் படிக்காமல் "ஆம்" என்பதை அழுத்தாதீர்கள். பூட்டைக் கண்டால், அதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்று முதலில் எண்ணுங்கள்.

அந்தப் பட்டியலை இப்போதும் நாங்கள் புதுப்பிக்கிறோம். எழுதி முடித்ததும் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுகிறோம். அந்த அம்மாள் தவறாமல் வந்து, தம் தெருவின் முறை வரும் வரை நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.